வாங்கத் தமிழ், விலக ஆங்கிலமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் செல்போன் கடை நடத்துகிறேன். ரீசார்ஜ், கவர், டெம்பர் கிளாஸ், சின்னச் சின்ன சர்வீஸ் என்பதுதான் தொழில். சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் ஆர்டர் போட்டுக் குடுங்க" என்று போனை நீட்டுகிறவர்களுக்கு ஆர்டர் போட்டுக் கொடுக்கிறேன். வந்த பொருள் சரியில்லை என்றால் ரிட்டர்ன் போடுகிறேன். கணக்கில் குறைந்த பணம் எங்கே போனது என்று தேடிக் கொடுக்கிறேன். விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பீடி சுற்றுகிற பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். அவர்கள் விரல் திரையில் எங்கே தயங்குகிறது, எங்கே அவசரப்படுகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குகிறவரை ஏமாற்றி அழுத்த வைக்கும் திரை வடிவங்களை, தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டீர்கள். இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, சந்தாவில் சேர்த்துவிட்டு வெளியேறும் வழியை மறைப்பது, விலையைத் துளித்துளியாகச் சொல்வது என 13 வகை அதில் உண்டு. நான் தினமும் பார்த்து எரிச்சல்பட்டவற்றை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கண்டித்திருந்தது எனக்குப் பெரிய தெம்பு. அதன் பிறகு 2025 ஜூனில், இணைய வணிக நிறுவனங்கள் மூன்று மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தினீர்கள். அதே ஆண்டு நவம்பரில், 26 நிறுவனங்கள் தங்கள் தளத்தில் டார்க் பேட்டர்ன் இல்லை என்று உறுதிமொழி கொடுத்திருப்பதாக அரசு அறிவித்தது.

என் கவலை அந்த உறுதிமொழியைப் பற்றியது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து நிறுவனமே தனக்குச் சான்று கொடுத்துக்கொள்கிறது. அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதை யார் பார்ப்பது? விதிகளை எழுதும்போது நம் மனதில் வருகிற நுகர்வோர் ஒருவர் இருக்கிறார். அவர் எல்லாவற்றையும் படிப்பார், ஆங்கிலம் அறிவார், அவசரப்படமாட்டார், ஏமாற்றப்பட்டால் புகார் கொடுப்பார். அப்படி ஒருவர் என் கடைக்கு வந்ததே இல்லை.

எங்கள் ஊரில் எப்படி வாங்குகிறார்கள் என்று சொல்கிறேன். ஒரு பெண் மிக்ஸி வாங்க வேண்டும். நிறுவனம் போட்டிருக்கும் படத்தை அவர் நம்புவதில்லை, வேகமாகத் தள்ளிவிடுகிறார். கீழே போய், வாங்கினவர்கள் தங்கள் வீட்டு அடுப்படி மேடையில் வைத்து எடுத்த போட்டோவைத் தேடுகிறார். இரண்டு விரலால் விரித்து ஜாரின் மூடியைப் பார்க்கிறார், கைப்பிடியைப் பார்க்கிறார், வயர் சுவர் வரைக்கும் எட்டுமா என்று பார்க்கிறார். ஐந்து ஸ்டார் கொடுத்தவர்கள் சொன்னதில் அவருக்கு அக்கறை இல்லை. "ஒரு ஸ்டார் போட்டவங்க எதுக்குப் போட்டாங்களாம், அதப் படிங்க" என்பார். 'ஆறு மாசத்துல மோட்டார் போச்சு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்த மிக்ஸி அத்தோடு சரி.

பிடித்துவிட்டாலும் உடனே வாங்கமாட்டார். கார்ட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வாரக்கூலி கைக்கு வர வேண்டும். மகளிர் குழுத் தவணை கட்டியது போக மிச்சம் என்ன என்று தெரிய வேண்டும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கடைத்தெருவில் 'சுத்திப் பாத்துட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்குகிற அதே பழக்கம்தான். அப்படி இறங்கும்போதுதான் கடைக்காரர் வாயிலிருந்து கடைசி விலை வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கையில் காசு குறைவாக இருப்பவருக்குப் பேரத்தில் இருக்கும் ஒரே பலம் இந்தக் காத்திருப்பு.

செயலிகள் குறிவைப்பது இந்தக் காத்திருப்பைத்தான். கார்ட்டில் பொருளை விட்டுவிட்டுப் போன மறுநாளே 'தீரப்போகிறது' என்று அறிவிப்பு வருகிறது. திறந்து பார்த்தால் விலைக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. 'இருப்பு 2 மட்டுமே' என்கிறது. 'இப்போது 43 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்கிறது. அந்தப் பெண் கடன் வாங்கியாவது அன்றே வாங்கிவிடலாம் என்று என் கடைக்கு ஓடிவருகிறார். நேரம் முடிந்த பிறகு அதே பக்கத்தைத் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடுவதையும், விலை ஒரு ரூபாய்கூட ஏறாமல் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன், வருகிறவர்களிடமும் காட்டியிருக்கிறேன். காட்டிய பிறகும், அடுத்த பொருளுக்கு அடுத்த கடிகாரம் ஓடும்போது அவர்களுக்குப் படபடப்பு வரத்தான் செய்கிறது. பொய் என்று தெரிந்தாலும் ஓடுகிற எண்ணைப் பார்த்தால் மனம் பதறும். இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவரும் பதறுகிறார்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஏறத்தாழ 11,000 வணிகத் தளங்களைக் கணினி நிரல் வைத்துத் துழாவினார்கள். இதுபோன்ற உத்திகள் 1,818 இடங்களில் கிடைத்தன. காலம் முடிந்த பிறகும் சலுகை அப்படியே நீடிக்கிற கடிகாரங்களும் அதில் அகப்பட்டன. அவர்கள் செய்ததை உங்களாலும் செய்ய முடியும். யாரிடமும் புகார் வாங்க வேண்டாம், எந்த நிறுவனத்திடமும் உறுதிமொழி கேட்க வேண்டாம். கடிகாரம் முடியும்வரை ஒரு நிரல் காத்திருந்து, விலை மாறியதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் பொருள் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் போன்ற ஊர்களுக்கு அது செய்திருக்கும் நன்மை பெரியது. கால் அளவு 12 உள்ள பையனுக்குச் செருப்பு வாங்க முன்பு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். முழங்கால் பட்டை, காது கேட்கும் கருவிக்கான பேட்டரி, போட்டித் தேர்வுப் புத்தகம் எல்லாம் இப்போது வாசலுக்கு வருகின்றன. பெண்கள் உள்ளாடை வாங்க ஆண் விற்பனையாளர் முன்னால் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பெரிய ஷோரூமுக்குள் போனால், 'இவன் எங்கே வாங்கப் போகிறான்' என்று காவலாளியிலிருந்து விற்பனையாளர் வரை உடையைப் பார்த்து எடைபோடுவார்கள். செயலிக்குள் அந்தப் பார்வை இல்லை. லட்ச ரூபாய் டிவியை ஒரு தறிக்காரர் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் மூடிவிடலாம். எங்கள் மக்களுக்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் இந்தச் சுதந்திரத்தைக் கெடுக்காதீர்கள் என்றுதான் நிறுவனங்களைக் கேட்கிறேன். வேண்டாம் என்று அழுத்த வருகிறவருக்கு, 'இல்லை, பணத்தைச் சேமிக்க எனக்கு விருப்பம் இல்லை' என்று எழுதிய பொத்தானைக் கொடுக்கும்போது, ஷோரூம் வாசலில் இருந்த அதே பார்வை திரைக்குள்ளும் வந்துவிடுகிறது.

அடுத்தது விலை. பொருள் பக்கத்தில் 499 ரூபாய் என்று இருக்கும். முகவரி எழுதி, பின்கோடு சரிபார்த்து, ஓடிபி வந்து, அதை அடித்து, கடைசித் திரைக்கு வந்தால் தொகை கூடியிருக்கும். கையாளும் கட்டணம், தளக் கட்டணம், 'பாதுகாப்பான பேக்கிங்' கட்டணம் என்று ஏதோ ஒன்று ஏறியிருக்கும். வீட்டுக்குப் பொருள் வந்த பிறகு பணம் தருகிறேன் என்றால் அதற்கும் ஒரு கட்டணம். எங்கள் பக்கம் கேஷ் ஆன் டெலிவரி கேட்பவர்கள் போனில் பணம் அனுப்பத் தெரியாதவர்கள் அல்லர். டீக்கடையில் யுபிஐ வைத்துத்தான் டீ குடிக்கிறார்கள். பார்சல் கைக்கு வருவதற்கு முன் பணம் கையைவிட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் பட்டறிந்து கற்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு அபராதம் போடுவது போலத்தான் இந்தக் கட்டணம் இருக்கிறது. 2025 அக்டோபரில், கேஷ் ஆன் டெலிவரிக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதை விசாரிப்பதாக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். அந்த விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்பதை மக்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசித் திரையில் தொகை கூடியதைப் பார்த்ததும் எழுந்து போய்விட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யாரும் போவதில்லை. கதவு எண்ணும் தெருப்பெயரும் அடித்து, நெட்வொர்க் போய் வந்து, மூன்றாவது முறை ஓடிபி வந்த பிறகு, 37 ரூபாய்க்காகத் திரும்பி முதலிலிருந்து தேட யாருக்கு மனம் வரும்? அமெரிக்காவில் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் விற்பனைத் தளத்தில் இதை லட்சக்கணக்கான பயனர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்குக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்து விலை காட்டினார்கள், மற்றவர்களுக்குக் கடைசியில் காட்டினார்கள். கடைசியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 21 சதவீதம் அதிகமாகச் செலவழித்தார்கள். வாங்கி முடிப்பதற்கான வாய்ப்பும் அவர்களிடம் 14 சதவீதம் கூடுதலாக இருந்தது. எங்கள் ஊர் ஆட்கள் ஏமாளிகள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். மனிதர்கள் எங்கும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். நிறுவனங்களுக்கு அது தெரியும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜேமி லுகூரி, லியோர் ஸ்ட்ராஹிலவிட்ஸ் இருவரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வை உங்கள் அதிகாரிகள் அறிந்திருப்பார்கள். மிதமான டார்க் பேட்டர்ன் காட்டப்பட்டவர்களில் சந்தாவில் சேர்ந்தவர்கள், எதுவும் காட்டப்படாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கடுமையானதைக் காட்டினால் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் கடுமையாக நெருக்கும்போது மக்களுக்குக் கோபமும் வந்தது. மிதமாகச் செய்தால் கோபம்கூட வரவில்லை. குறைவாகப் படித்தவர்கள் அந்த மிதமான உத்திக்குத்தான் அதிகம் சிக்கினார்கள். நான் உங்களை யோசிக்கச் சொல்வது இதைத்தான். கண்ணில் படுகிற பெரிய தில்லுமுல்லுகளை நிறுவனங்கள் எடுத்துவிட்டு, சின்னதாக, நாசூக்காக இருப்பவற்றை வைத்துக்கொண்டால், உறுதிமொழி சுத்தமாகத்தான் இருக்கும். என் கடைக்கு வருகிறவர்களைப் பிடிப்பது அந்தச் சின்னதுதான்.

இப்போது மொழிக்கு வருகிறேன். 2020-ல் ஃப்ளிப்கார்ட்டும் அமேசானும் தமிழில் செயலியைத் தந்தன. பிறகு மற்றவர்களும் தந்தார்கள். அதை நான் மனமார வரவேற்றேன். வருகிறவர்கள் போனில் நானே தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பல செயலிகளில் தமிழ் எதுவரை வருகிறது என்று பாருங்கள். பொருளின் பெயர், 'இப்போதே வாங்கு', 'உங்களுக்கான சலுகை', 'இலவசமாகத் தொடங்குங்கள்' எல்லாம் நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் இருக்கும். ரிட்டர்ன் விதி, வாரண்டி நிபந்தனை, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரி, புகார் அலுவலரின் விவரம் இவற்றைத் தொட்டால் ஆங்கிலம் வந்துவிடும். பணம் போகும் பாதை முழுக்கத் தமிழ், பணம் திரும்பும் பாதை முழுக்க ஆங்கிலம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 199 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் இலவசம் என்று பேரன் அழுத்திய ஏதோ ஒரு சந்தா. மாதாமாதம் பணம் தானாகப் போகிற யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது, தகவலும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில், கடன் வேண்டுமா என்று கேட்கும் குறுஞ்செய்திகளுக்கு நடுவில். அவர் அதைத் திறக்கவே இல்லை. அந்தச் செயலியைத் திறந்து ரத்து செய்யப் போனோம். கணக்குப் பக்கத்தில் ரத்து என்ற சொல்லே இல்லை. உதவி என்பதற்குள் போய், கேள்விகள் என்பதற்குள் போய், ஒரு கட்டுரையின் அடியில் இணைப்பு இருந்தது. அதை அழுத்தினால், திரை முழுக்க மஞ்சள் பொத்தான், 'தொடர்ந்து பலன் பெறுங்கள்' என்று தமிழில். கீழே வெளிர் சாம்பல் நிறத்தில், ஆங்கிலத்தில், ஒரு சின்ன வரி. அவர் விரல் மஞ்சளுக்குத்தான் போனது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அடுத்த திரையில் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. இந்த முறை ரத்து மேலே, தொடர்வது கீழே. போன திரையில் கீழே அழுத்திய விரல் இங்கேயும் கீழேதான் போகும். கடைசியில் யுபிஐ செயலிக்குள் இருக்கும் ஆட்டோபே பகுதியில் அனுமதியை நீக்கித்தான் அதை நிறுத்தினோம்.

இப்படி ஒரு திரை தற்செயலாக அமையாது. அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழி மிக நீளமாக இருப்பதாக அந்த நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடர்ந்தது. அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்', நீண்ட கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமல், 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. அங்கே வழக்கு வலுப்பெற்றதற்கு ஒரு காரணம், அந்த ஆணையம் திரையை மட்டும் பார்க்காமல் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கேட்டு வாங்கியது.

உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். ஒவ்வொரு பெரிய செயலியும் ஏ/பி சோதனை என்ற ஒன்றைத் தினமும் செய்கிறது. பாதிப் பேருக்குப் பொத்தானை இடப்பக்கம் வைத்து, மீதிப் பேருக்கு வலப்பக்கம் வைத்து, எது அதிகம் அழுத்தப்படுகிறது என்று பார்த்து, ஜெயித்ததை வைத்துக்கொள்கிறது. எங்கள் விரல் எத்தனை நொடி தயங்கியது என்பதுகூட அவர்களிடம் பதிவாகியிருக்கிறது. நுகர்வோர் நடத்தையைப் பற்றி இந்தியாவில் அதிகம் அறிந்தவர்கள் அவர்கள்தான். நுகர்வோரைக் காக்க வேண்டிய உங்களிடம் அந்தக் கணக்கு இல்லை, அவர்களின் உறுதிமொழிக் கடிதம் இருக்கிறது. 2024-ல் இந்திய விளம்பரத் தர மன்றம் வெளியிட்ட ஆய்வில், பரிசீலித்த 53 செயலிகளில் 52-ல் குறைந்தது ஒரு ஏமாற்று வடிவமாவது இருந்தது. அடுத்த ஆண்டே 26 நிறுவனங்கள் தங்களிடம் ஒன்றுமே இல்லை என்கின்றன. உண்மையாகவே திருந்தியிருந்தால் மிக்க மகிழ்ச்சி. அதை எண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

எந்த எண்? ரத்து செய்யத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் ரத்து செய்து முடித்தார்கள், சேர எத்தனை அழுத்தல், விலக எத்தனை அழுத்தல். இலவசக் காலம் முடிந்து பணம் போகத் தொடங்கியவர்களில், அதன்பின் ஒரு நாள்கூட அந்தச் சேவையைப் பயன்படுத்தாதவர்கள் எத்தனை பேர். கூடுதல் காப்பீடோ நன்கொடையோ சேர்ந்த ஆர்டர்களில், வாங்கியவர் தாமாகவே அதைத் தேர்ந்தெடுத்தது எத்தனை. இந்த எண்களைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மொழிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். தமிழில் சேர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் சேர்ந்தவர்களைவிடக் குறைவாக ரத்து செய்கிறார்கள் என்றால், அந்தத் திரையில் என்ன எழுதியிருந்தாலும் அது பொறிதான்.

எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறிக்காரர் வைத்திருக்கும் தராசுக்கு முத்திரை போட ஆய்வாளர் வருகிறார். தராசு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர் போய்விடுவதில்லை. தன் கையில் இருக்கும் தரப்படுத்திய எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்க்கிறார். எடையளவுச் சட்டமும் உங்கள் நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ்தான் வருகிறது. கால் கிலோ கத்தரிக்காய்க்கு இருக்கும் கண்டிப்பு, கோடிக்கணக்கானவர் பணம் போகும் செயலிக்கும் இருக்க வேண்டும்.

அந்த எடைக்கல் என்ன என்று கேட்டால், சாதாரண மனிதர்கள்தான். 7,000 ரூபாய் போனில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறவர்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் கீழே இருக்கும் வேண்டாம் பொத்தான் திரையைவிட்டே வெளியே போய்விடுகிறது என்பதை டெல்லியில் புது போனில் சோதிக்கிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. டெம்பர் கிளாஸ் உடைந்து ஓரத்தில் தொடுதல் வேலை செய்யாத போனில், மூலையில் இருக்கும் சின்ன 'எக்ஸ்' குறியை மூட முடியாது, நடுவில் இருக்கும் பெரிய பொத்தானைத்தான் அழுத்த முடியும். இப்படிப்பட்ட போன்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். சின்ன ஊர்களில், அந்தந்த மொழியில், அவரவர் போனிலேயே, 'இதை ரத்து செய்துகாட்டுங்கள்', 'கூடுதல் கட்டணம் இல்லாமல் வாங்கிக்காட்டுங்கள்' என்று மக்களிடம் கொடுத்துப் பாருங்கள். பத்தில் ஏழு பேரால் முடியவில்லை என்றால் அந்தத் திரை தேறவில்லை என்று எழுதுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. மாவட்டந்தோறும் தன்னார்வ நுகர்வோர் அமைப்புகளும், கல்லூரிகளில் நுகர்வோர் மன்றங்களும் இருக்கின்றன.

புகார் வந்தால் நடவடிக்கை எடுக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். 1915 உதவி எண்ணைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். தமிழில் பேசுகிறார்கள், பொறுமையாகக் கேட்கிறார்கள். அது வழியாக எங்கள் ஆட்களுக்குப் பணம் திரும்பி வந்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் போடலாம், இருக்கிற ஊரிலேயே போடலாம் என்பதும் 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த நல்ல வழி. ஆனால் இப்படிச் சின்னதாகப் போகிற 29 ரூபாய்க்கு யார் அலைவார்கள்? "போனது போச்சு, விடுங்க அண்ணாச்சி" என்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு 29 ரூபாய்க்காகப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர்கள் போடும் கணக்கு. சரியான கணக்கும்கூட. அதோடு, வீட்டில் திட்டுவார்கள் என்ற பயம், பேத்தி சிரிப்பாள் என்ற கூச்சம். ஒரு கோடிப் பேரிடம் தலைக்கு 29 ரூபாய் என்றால் 29 கோடி ரூபாய். ஒரு புகாரும் இல்லாமல் 29 கோடி போகும். ஆகவே இந்த விஷயத்தில் புகார்களின் எண்ணிக்கையை வைத்து நோயை அளக்க முடியாது. புகார் இல்லாமலே தாமாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அது முழுக்கவும் இப்படிப்பட்ட சின்னத் தொகைகளுக்காகவே கொடுக்கப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

ரிவ்யூ பற்றிச் சுருக்கமாக ஒன்று. எங்கள் மக்கள் பிற வாடிக்கையாளர் சொல்லை எவ்வளவு நம்புகிறார்கள் என்று மேலே சொன்னேன். பார்சலைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கிறது: ஐந்து ஸ்டார் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 100 ரூபாய். இப்படி அட்டைகள் என் மேசை இழுப்பறையில் சேர்ந்து கிடக்கின்றன. இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-லேயே கொண்டுவந்தது. விருப்பம் உள்ளவர்கள் பின்பற்றலாம் என்ற நிலையில் அது இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

மொழி குறித்த என் கோரிக்கை இதுதான். எந்த மொழியில் ஒருவரைப் பணம் கட்ட வைக்கிறார்களோ, அதே மொழியில், அதே எழுத்தளவில், விலகும் வழியும் திரும்பப் பெறும் விதியும் இருக்க வேண்டும் என்று நெறிமுறையில் ஒரு வரி சேருங்கள். ஆட்டோபே முன்னறிவிப்பும் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் வர ரிசர்வ் வங்கியோடும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயோடும் பேசுங்கள். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டியைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று 2020-ம் ஆண்டு இணைய வணிக விதிகள் சொல்கின்றன. படிக்க முடியாத மொழியில் வாங்கிய சம்மதத்தையும் அதே வரிசையில் வையுங்கள்.

அந்த 26 நிறுவனங்களும் தணிக்கை செய்து எழுதிய முழு அறிக்கைகளையும் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். சுருக்கமாவது தமிழில் வரட்டும். நெறிமுறைகளைத் திருத்துவதற்கு அடுத்த வரைவு வெளியிடும்போது அதையும் தமிழில் வெளியிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் கொடுங்கள். அந்த வரைவை அச்செடுத்து என் கடைக் கவுன்டரில் வைக்கிறேன். வருகிறவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி, கையெழுத்து வாங்கி உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சங்கரன்கோவில் செல்போன் கடைக்காரர் ஒருவர்